வீட்டுக்கு விலை கேட்டல்

திருகோணமலை நகரில் வீடு வாங்க விரும்புவோர் முதலில் விசாரிப்பது, என்ன விலை சொல்லுகிறார்கள் என்பதையே. சொல்லப்படும் விலை விற்பவரின் ஆசையை அளந்து காட்டுமேயன்றி, வீட்டின் பெறுமதியைக் காட்டாது. மகளின் திருமணச் செலவை மனத்திற்கொண்டு விலை வைப்பார் ஒருவர். வெளிநாட்டு உறவினர் வாங்குவார் என்ற நம்பிக்கையில் ஏற்றிச் சொல்வார் மற்றொருவர். தரகரோ விலை ஏற ஏறத் தமது கூலியும் ஏறக் காண்பவர். ஆதலால் வாங்குபவர் தமது கணக்கைத் தாமே தொடங்க வேண்டும்.

நகரின் அமைப்பே அக்கணக்கின் முதற் பகுதி. ஒருபுறம் துறைமுகமும் மறுபுறம் பின் வளைகுடாவும் டச்சு வளைகுடாவும் நெருக்க, இடையிலுள்ள நிலம் ஒடுங்கியது. அதிலும் பெரும்பரப்பு அரசுக்கும் படையினருக்கும் உரியது. எனவே நகரின் உட்பகுதியில் பத்துப் பேர்ச்சசு வளவுக்கும், உப்புவெளியிலோ பாலையூற்றிலோ உள்ள அதே அளவு வளவுக்கும் ஒரே விலை பேசுதல் பொருந்தாது. பாதை திறந்தாலும் விலை மாறும். 2009 ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை தோணிக்கும் மிதவைக்கும் காத்திருந்த இடங்கள் பின்னர் நகருக்கு அண்மையாகிவிட்டன.

அயலில் அண்மையில் எவ்வளவுக்கு விற்றார்கள் என்று அறிவது அடுத்த வேலை. இதற்கு உறுதியில் எழுதிய தொகையை மட்டும் நம்புதல் கூடாது. முத்திரைத் தீர்வையைக் குறைக்கும் பொருட்டுத் தொகையைத் தாழ்த்தி எழுதும் வழக்கம் நாட்டில் உண்டு. அயலவர் இருவர் மூவரை வெவ்வேறாகக் கேட்டு ஒப்பிடுதலும், மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் கூலி கொடுத்து அறிக்கை பெறுதலும் நன்று.

உதாரணமாக, ஆசிரியர் ஒருவர் பன்னிரண்டு பேர்ச்சசு வளவும், 1,200 சதுர அடிக் கல்வீடும் பார்க்கிறார் எனக் கொள்க. (இங்கு வரும் எண்கள் கணக்கு விளங்குவதற்காகக் கொண்டவை, சந்தை நிலவரமல்ல.) விற்பவர் கேட்பது 180 இலட்சம். அயலில் ஒரு பேர்ச்சசு 8 இலட்சத்துக்குப் போயிருப்பின் நிலம் 96 இலட்சம். அத்தகைய வீட்டைப் புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 9,000 ரூபா ஆகுமெனின் 108 இலட்சம். பழமைக்காக மூன்றிலொரு பங்கு கழித்தால் 72 இலட்சம். கூரை மரத்தை மாற்ற 10 இலட்சம் வேண்டும். ஆக, வீட்டின் பெறுமதி 158 இலட்சம்.

ஆயினும் ஆசிரியரின் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்து 160 இலட்சம் மட்டுமே எனின், 158 அவருக்கு உரிய எல்லையன்று. முதல் ஓர் இலட்சத்துக்கு மூன்று வீதமும் மிகுதிக்கு நான்கு வீதமும் என முத்திரைத் தீர்வை விதிக்கப்படுகிறது. 152 இலட்சத்துக்கு இது ஆறு இலட்சத்துக்குச் சற்று மேல். நொத்தாரிசின் கூலி, நில அளவைச் செலவு ஆகியவற்றுக்கு எஞ்சிய இரண்டு இலட்சத்தை ஒதுக்கினால், அவர் கொடுக்கக்கூடிய உச்சம் 152 இலட்சமே. இந்த எண்ணை வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் பேச்சுக்குப் போதல் வேண்டும். விற்பவரின் திண்ணையில் தேநீர் அருந்திக்கொண்டு அதனைத் தீர்மானித்தல் ஆபத்து. முதலிற் கேட்பது 142 அல்லது 145 ஆக இருக்கலாம். கூரையின் பழுதைக் காட்டிக் கேட்பது மரியாதை. காரணமின்றிப் பாதி விலை கேட்பது விற்பவரை அவமதிப்பதாகும். அதில் சட்டச் சிக்கலும் உண்டு. இலங்கையில் நிலைபெற்ற ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, உண்மைப் பெறுமதியை அறியாமல் அதன் பாதிக்கும் குறைவாக விற்றவர் அவ்விற்பனையை நீக்கும்படி வழக்கிடலாம்.

வளவைப் பார்க்கும் காலமும் விலையைத் தீர்மானிக்கும். கச்சான் வீசும் ஆடி, ஆவணியில் கிணற்று நீரைச் சுவைத்துப் பார்த்தவருக்கே உப்பு தெரியும். கார்த்திகை, மார்கழி மழையில் போய் நின்றவருக்கே வெள்ளம் தெரியும். இரண்டையும் பார்க்க வாய்ப்பில்லாதவர், அயல்வீட்டு முதியவரிடம் கேட்டறியலாம். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி ஆழிப்பேரலை எதுவரை ஏறிற்று என்பதையும் அவரே சொல்லக்கூடியவர். அப்பேரழிவின் பின் வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டுதல் தடுக்கப்பட்டுப் பின்னர் தளர்த்தப்பட்டது. இன்றும் உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயமாதலால், அங்கே அறையொன்று கூட்டிக் கட்டவும் அனுமதி வேண்டும். கடற்காட்சிக்கு விலை கூட்டிக் கொடுப்பவர் இதனையும் கணக்கிற் சேர்த்தல் தகும்.

இவையனைத்தினும் பெரிய தள்ளுபடி உறுதியில் மறைந்திருக்கக் கூடும். போர்க்காலத்தில் இம்மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் உடுத்த உடையோடு இடம்பெயர்ந்தன. உறுதிகள் எரிந்தன, தொலைந்தன. வெறுமையாகக் கிடந்த வளவில் வேறொருவர் குடியேறினார். பத்தாண்டுகள் எதிருரிமையாக ஆண்டவருக்கு உரித்துத் தரும் 1871 ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகையோருக்கும் துணையாயிற்று. அந்த அநீதியைக் குறைக்கவே 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. போரினால் உரிமை கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலம் எண்ணப்படலாகாது என அது விதித்தது. ஆகவே விற்பவர் அங்கே நெடுங்காலம் இருந்தார் என்பது மட்டும் போதாது. அவருக்கு முன் இருந்தவர் யார், அவர் ஏன் போனார் என்றும் கேட்க வேண்டும். காணிப் பதிவகத்தில் முப்பது ஆண்டுகளேனும் பின்னோக்கித் தேடுவது வழக்கறிஞர்களின் வழமை. பிரிக்கப்படாத பங்கு, தீராத ஈடு, கையொப்பமிடாத சகோதரர் என்பன வெளிப்பட்டால் விலையைக் குறைத்துக் கேட்பதைவிட, அவற்றை விற்பவரே தீர்த்துத் தரும்வரை பொறுப்பது சிறந்தது. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் பெற்ற காணியாயின், அதனைத் தனியார் காணிபோல விற்க முடியாது. அதற்குத் தனியார் காணியின் விலையைக் கேட்பவரிடம் பேச்சை வளர்க்காமல், முதலிற் பிரதேச செயலகத்தில் விசாரித்தல் வேண்டும்.

விலை ஒத்துக்கொண்டதும் அச்சாரமாகச் சிறு தொகையைக் கையிற் கொடுத்து வாய்ச்சொல்லோடு திரும்புவோர் பலர். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனையும் விற்பதற்கான உடன்படிக்கையும் எழுத்தில், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையாகக் கையொப்பமிடப்பட்டாலன்றிச் செல்லுபடியாகா. ஆசிரியர் 150 இலட்சத்துக்குப் பேசி முடித்த மாலையில் வேறொருவர் 155 சொல்லி, மறுநாட் காலையில் நொத்தாரிசிடம் விற்பவரை அழைத்துச் சென்றால், முதல்வரால் வீட்டைக் கேட்டு வழக்காட முடியாது. ஆதலால் விலை பேசப் போகும்போதே நொத்தாரிசிடம் நாள் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். உறுதி முடிந்த அன்றே அதனைப் பதிவுக்கு அனுப்பும்படியும் அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.