கண்ணுக்குப் படாத ஒழுக்கு

மாத்தளை மாவட்டத்தில் வீடு கட்டிக் குடியிருப்போர், ரத்தோட்டை, உக்குவெலைப் பக்கங்களில் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து கட்டினாலும் சரி, தம்புள்ளையின் சமதரையில் கட்டினாலும் சரி, கூரை ஒழுகினால் அன்றைக்கே ஏணியைத் தேடுகிறார்கள். ஆனால் சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஒழுகும் குழாயை, அது வர்ணத்தைக் கொப்புளமாக்கி உரித்து, சுவரில் உப்புப் பூக்கச் செய்து, நீர்க் கட்டணத்தை எதிர்பாராத அளவுக்கு உயர்த்திய பின்புதான் அறிகிறார்கள். அறிந்ததும் செய்கின்ற முதற்காரியம், ஈரம் தெரிந்த இடத்தில் உளியை வைத்து உடைப்பது. ஒழுக்கைக் காட்டிலும் இந்த அவசரமே அதிக நஷ்டத்தை உண்டாக்குகிறது என்பது என் அபிப்பிராயம்; ஏனெனில் ஈரம் தோன்றும் இடமும் நீர் வெளிப்படும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

நீர் தான் தொட்ட பரப்பை எளிதில் விடுவதில்லை. தம்புள்ளைப் பாறைக் குகைகளைத் துறவிகளின் உறைவிடமாகத் திருத்தியமைத்த பூர்வீக மக்கள் இந்தச் சூக்ஷ்மத்தை நன்கு அறிந்திருந்தார்கள். மேலிருந்து வழியும் மழைநீர் பாறையின் வளைவைப் பற்றிக்கொண்டு உள்ளே புகுந்துவிடாதபடி, குகை வாயிலுக்கு மேலே பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு வரம்பை வெட்டினார்கள். அந்த விளிம்புக்கு வந்த நீர் பிடிப்பை இழந்து வெளியே சொட்டிவிடுகிறது. அப்படியிருந்தும், இரண்டாம் குகையின் விதானத்திலிருந்து ஓயாது சொட்டும் நீரைப் பாத்திரத்தில் ஏந்திப் புனித நீராகப் போற்றிவருவதை அங்கே செல்பவர் யாவரும் காணலாம். அந்நீர் மேலே எந்த இடத்தில் பாறைக்குள் புகுந்தது என்பதைக் கீழே நின்று சொல்ல முடியாது. நம் வீடுகளிலும் இதுவே நியதி. குளியலறைச் சுவருக்குள் ஒரு மூட்டில் கசிந்த நீர், குழாயின் புறத்தைத் தழுவி இறங்கி, கொங்கிறீற்றுத் தளத்தின் சரிவிலே ஓடி, பல அடி தள்ளிச் சாப்பாட்டறை மூலையில் ஈரமாகத் தலைகாட்டும்.

ஆகவே, உளிக்கு முன்னே நாட வேண்டியது நீர்மானியை. இரவில் எல்லாரும் உறங்கப் போகுமுன், தாங்கி நிறைந்து நீர் வருவது நின்றபின், எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மானியின் இலக்கங்களைக் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொண்டு, விடியற்காலையில் எவரும் ஒரு செம்பு நீர்கூட எடுக்குமுன் மறுபடி பார்த்தால், சந்தேகத்துக்கு இடமின்றி உண்மை விளங்கிவிடும். இலக்கம் நகர்ந்திருந்தால் வீட்டின் பிரதான வால்வை மூடிப் பார்க்க வேண்டும்: மானி அதன் பிறகும் சுழன்றால் ஒழுக்கு மானிக்கும் வால்வுக்கும் இடையில் மண்ணுக்குள் இருக்கிறது, நின்றுவிட்டால் வால்வுக்கு அப்பால் இருக்கிறது. தாங்கியின் வெளிவழியையும் இவ்விதமே மூடிப் பரீட்சித்தால், தேட வேண்டிய எல்லை மேலும் குறுகும். நிமிடத்துக்கு நூறு மில்லிலீற்றர், அதாவது ஒரு சிறு தேநீர்க் கோப்பையளவு, வீணாகும் ஒழுக்கு, நாளொன்றுக்கு 144 லீற்றரும் மாதத்துக்கு நான்கு அலகுக்கு மேலும் கொண்டுபோய்விடும். பாவனை கூடக்கூட அலகின் விலையும் ஏறுகின்ற கட்டண முறையில் அந்த நான்கு அலகும் மிக விலையுயர்ந்த அலகுகளாகவே அமையும்.

சுவரைச் சந்தேகிப்பதற்கு முன் மலசலகூடத் தாங்கியைப் பார்த்துவிடுவது நல்லது. சமையலுக்குப் பயன்படும் நிறத்தூளைச் சிறிது அதில் கரைத்துவிட்டு, அரைமணி நேரம் தண்ணீர் திறக்காமலிருந்தால், கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்பது பிரத்தியட்சமாகத் தெரியும். இறங்கினால் தேய்ந்த ரப்பர் வாஷரை மாற்றினால் போதும்.

மலைநாட்டு வீடுகளில் குழாய் ஒழுகுவதற்கு விசேஷமான காரணம் ஒன்றும் உண்டு. இதே மாவட்டத்துச் சிகிரியாவில், ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் அமைத்த நீர்ப்பூங்காவின் கல் ஊற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் நீரை மேலெழுப்புகின்றன. யந்திரம் எதுவுமின்றி, உயரத்தில் தேங்கிய நீரின் பாரமே நிலத்தடிக் கால்வாய் வழியே வந்து அதைச் செய்கிறது. பத்து மீற்றர் உயரம் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். மேட்டிலுள்ள நீர்த்தேக்கத் தாங்கிக்கு முப்பது மீற்றர் கீழே பள்ளத்தில் இருக்கும் வீட்டின் குழாய், ஏறக்குறைய அந்த மும்மடங்கு அழுத்தத்தை அல்லும் பகலும் தாங்குகிறது; ஊரார் உறங்கிப் பாவனை குறையும் நடுநிசியில் அது முழு அளவை எட்டும். உள்ளே துருவேறிய பழைய இரும்புக் குழாயும், மண் இறங்கியதால் இழுபட்ட பி.வி.சி. மூட்டும் விட்டுக்கொடுப்பது அந்த வேளையில்தான். இரவின் நிசப்தத்தில் ஓர் இரும்புக் கம்பியின் ஒரு நுனியைக் குழாயிலும் மறு நுனியைக் காதோரத்திலும் வைத்துக் கேட்டால், சீறும் ஓசை வலுக்கும் திசையைக் கொண்டு இடத்தை ஊகிக்கலாம்.

பணநஷ்டத்தைவிடப் பெரிய அபாயமும் இருக்கிறது. 1994 ஜூலையில் ஹொங்கொங்கின் குவுன் லுங் லாவ் குடியிருப்பருகே கற்சுவர் ஒன்று சரிந்து ஐவர் மாண்டார்கள். மண்ணுக்குள் புதைந்திருந்த வடிகால்கள் கசிந்து சரிவை நனைத்திருந்ததும் அதற்கு ஒரு காரணமென்று விசாரணையில் தெரியவந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மாத்தளையும் ஏனைய மலை மாவட்டங்களும் மண்சரிவால் பட்ட துயரத்தைக் கண்ட நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. பெருமழையைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆயினும் வீட்டின் பின்புறத்து மண்வெட்டுக்குள் நம் குழாயே மாதக்கணக்கில் நீரூட்டிக்கொண்டிருப்பதைத் தடுக்கலாம். கோடையிலும் ஓரிடத்தில் மட்டும் புல் பச்சையாயிருந்தாலோ, மழையில்லாத நாளில் தாங்குசுவரின் துவாரம் வழியே நீர் வந்தாலோ, அன்றே விசாரிக்க வேண்டும். மானிக்கு முன்னே, தெருப்பக்கத்தில் ஒழுக்கு இருந்தால் அதைத் திருத்துவது தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. 1939 என்ற இலக்கத்துக்கு அழைத்து அறிவிக்கலாம்.

உடைத்துத் திருத்திய மூட்டை உடனே சீமெந்தால் மூடிவிடாமல், முழு அழுத்தத்தில் ஓர் இரவேனும் திறந்தே வைத்துக் காய்ந்த துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும்; மூடுமுன் அளவுநாடாவைப் பக்கத்தில் வைத்து ஒரு படமெடுத்து, வீட்டு உறுதிப் பத்திரங்களோடு சேர்த்து வைத்தால், அடுத்த தலைமுறையில் அந்தச் சுவரைத் திறப்பவர் எங்கே உளி வைக்க வேண்டும் என்று தெரிந்தே வைப்பார்.