குரல் இழந்த முகமூடி வீரன்!

அமெரிக்க ரேடியோ நாடகத் தட்டுகள் பிழைத்து வந்த கதை

1941-ம் ஆண்டு ஏப்ரல் மாதம்.

அமெரிக்காவில் லட்சக்கணக்கான சிறுவர்கள் ரேடியோப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து இருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் மாலையில் அவர்கள் வேறு எங்கும் போவது இல்லை. முகமூடி அணிந்த வீரன் ஒருவன் வெள்ளைக் குதிரையில் ஏறி வரும் நேரம் அது.

அன்றும் அவன் வந்தான். ஆனால் பேசவில்லை!

அவன் படுகாயம் அடைந்து கிடந்தான். அவன் வாயில் இருந்து லேசான முணுமுணுப்பு மட்டுமே வந்தது. வழக்கமாக இரண்டு வார்த்தை பேசும் தோழன்தான் அன்று கதையை நடத்தினான்.

கதையில் வீரனுக்குக் காயம். உண்மையில் நடந்தது வேறு.

ஏப்ரல் 8-ந்தேதி அதிகாலையில் டெட்ராய்ட் நகருக்கு அருகே பார்மிங்டன் என்ற ஊரில் ஒரு மோட்டார் விபத்து நடந்தது. சாலை ஓரம் நின்ற டிரெய்லர் வண்டி மீது கார் ஒன்று மோதியது. காரை ஓட்டி வந்தவர் இறந்து போனார். அவருக்கு வயது 32. பெயர் எர்ல் கிராசர்.

அந்த முகமூடி வீரனின் குரல் அவருடைய குரல்தான்!

80 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஆனாலும் அந்த முணுமுணுப்பை இன்றும் கேட்கலாம். அன்று ஒலிபரப்பான நாடகங்கள் தட்டுகளில் பிழைத்து வந்திருக்கின்றன. அவை பிழைத்த விதம், நாடகத்தை விட விறுவிறுப்பானது.

காசு இல்லாத நிலையம்

நாடகத்தின் பெயர் "லோன் ரேஞ்சர்". தன்னந்தனி வீரன் என்று பொருள் சொல்லலாம். "ரேஞ்சர்" என்பது டெக்சாஸ் மாநிலத்தின் எல்லைக் காவல் வீரர்களுக்கு உள்ள பெயர்.

ஜார்ஜ் டிரெண்டில் என்பவர் டெட்ராய்ட் நகரில் ஒரு ரேடியோ நிலையத்தை நடத்தி வந்தார். 1932-ம் ஆண்டில் அவர் பெரிய ரேடியோ நிறுவனத்துடன் கொண்டிருந்த உறவை முறித்துக் கொண்டார். அதனால் வெளியில் இருந்து நிகழ்ச்சிகள் வருவது நின்றுவிட்டது. எல்லாவற்றையும் சொந்தமாகத் தயாரித்தாக வேண்டும்.

நாடு முழுவதும் வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய காலம் அது. கையில் காசு இல்லை. "சிறுவர்களும் பெரியவர்களும் சேர்ந்து கேட்கும்படி ஒரு வீரக் கதை வேண்டும்" என்று டிரெண்டில் எண்ணினார். பபலோ நகரில் இருந்த பிரான் ஸ்டிரைக்கர் என்ற எழுத்தாளர் கதையை எழுதினார்.

1933-ம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் நாடகம் தொடங்கியது. தொடக்க இசைக்கு இத்தாலிய இசை மேதை ரோசினியின் "வில்லியம் டெல்" இசையை எடுத்துக் கொண்டார்கள். அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியது இல்லை!

கதை எளிமையானது. கொள்ளைக் கூட்டம் ஒன்று காவல் வீரர்களை வளைத்துச் சுட்டுத் தள்ளுகிறது. ஒருவன் மட்டும் பிழைக்கிறான். செவ்விந்தியன் ஒருவன் அவனைக் காப்பாற்றுகிறான். பிழைத்தவன் முகமூடி அணிந்து, ஊர் ஊராகப் போய் நீதியை நிலைநாட்டுகிறான். அவன் சுடுவது வெள்ளிக் குண்டு. எதிரியின் கையில் இருக்கும் துப்பாக்கியைத் தட்டிவிடுவானே தவிர, உயிரை எடுக்க மாட்டான்.

செவ்விந்தியத் தோழனின் பெயர் டோன்டோ. முதல் சில நாடகங்களில் அவன் கிடையாது. பிறகு ஒரு சங்கடம் தெரிந்தது. தனியாகக் குதிரையில் போகிறவன் யாரிடம் பேசுவான்? சினிமாவில் பேசாமல் இருக்கலாம். ரேடியோவில் பேசாவிட்டால் ஆளே இல்லை! அதற்காகவே டோன்டோ பிறந்தான்.

இந்த நாடகத்துக்கு எவ்வளவு வரவேற்பு என்பதை அறிய நிலையத்தார் ஒரு சோதனை செய்தார்கள். "முதலில் கடிதம் எழுதும் 300 பேருக்கு விளையாட்டுத் துப்பாக்கி இலவசம்" என்று அறிவித்தார்கள். வந்து குவிந்த கடிதங்கள் சுமார் 25 ஆயிரம் என்பார்கள்!

காற்றோடு போனவை

இவ்வளவு புகழ் பெற்ற நாடகத்தின் முதல் ஐந்து ஆண்டுகளை, ஒன்றிரண்டு நாடகங்கள் தவிர, இன்று கேட்க முடியாது. மற்றவை பதிவு செய்து வைக்கப்படவில்லை.

காரணம் என்ன?

அந்தக் காலத்தில் ரேடியோ நாடகம் என்றால் நடிகர்கள் மைக் முன்னால் நின்று நேரடியாக நடிப்பதுதான். குதிரை ஓடும் சத்தத்துக்குச் சரளைக் கல் நிரப்பிய தட்டில் கொட்டாங்கச்சியைத் தட்டுவது உண்டு. கதவு திறப்பது, துப்பாக்கி வெடிப்பது எல்லாம் அங்கேயே நடக்கும்.

பெரிய ரேடியோ நிறுவனங்கள் பதிவு செய்த நிகழ்ச்சிகளை மட்டமாக நினைத்தன. அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கும் மேற்குக் கரைக்கும் மூன்று மணி நேர வித்தியாசம். கிழக்கே மாலையில் நடித்த நாடகத்தை, மேற்கே உள்ளவர்களுக்காக இரவில் மறுபடியும் முதலில் இருந்து நடிப்பார்கள். "தட்டில் பதிந்து போட்டால் போதுமே" என்று கேட்டால், "அது நேயர்களை ஏமாற்றுவது" என்பார்கள்.

ஆகவே நாடகம் முடிந்ததும் எல்லாம் முடிந்தது. மறுநாள் வேறு நாடகம்.

வாரம் மூன்று வீதம் ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டால், 750-க்கும் மேல் வருகிறது. ஏறக்குறைய அத்தனையும் காற்றோடு போய்விட்டன. கிராசர் எட்டு ஆண்டுகள் பேசினார். அவற்றில் பெரும்பகுதி இப்படித்தான் மறைந்து போனது.

வியாபாரம் காப்பாற்றியது

மீதி எப்படித் தப்பியது?

வரலாற்றைக் காக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. காசு பார்க்க நினைத்தார்கள்!

தம்முடைய நிலையத்தோடு தொடர்பு இல்லாத வெளியூர் நிலையங்களுக்கும் நாடகத்தை விற்கலாம் என்று டிரெண்டிலுக்குத் தோன்றியது. 1938-ம் ஆண்டு தொடக்கத்தில் இருந்து நாடகங்களைத் தட்டுகளில் பதிந்தார்கள். அதற்குச் சற்று முன்பு பதிந்தவையும் ஒன்றிரண்டு உண்டு. 1937-ம் ஆண்டு டிசம்பர் 17-ந்தேதி ஒலிபரப்பான "ஓசேஜ் வங்கிக் கொள்ளை" என்ற நாடகம் அவற்றில் ஒன்று. நாட்டின் சொத்தாகக் காக்க வேண்டிய ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்கா ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இந்த நாடகமும் இடம் பெற்று இருக்கிறது.

இந்தத் தட்டுகள் வீட்டுக் கிராமபோனில் போடும் சிறிய தட்டுகள் அல்ல. குறுக்களவு 16 அங்குலம். ஒரு பக்கத்தில் 15 நிமிடம்தான் பதியலாம். அரை மணி நாடகத்துக்கு இரண்டு பக்கம் வேண்டும்.

அந்தக் காலத்து ரேடியோ நிலையங்களில் உடனுக்குடன் பதிவு செய்யப் பயன்பட்ட தட்டுகள் அலுமினியத்தால் ஆனவை. மேலே மெழுகு போன்ற மெருகுப் பூச்சு ஒன்று இருக்கும். அந்தப் பூச்சில் ஊசி கீறிக்கொண்டே போகும்.

உலக யுத்தம் வந்தது. அலுமினியம் விமானம் கட்டப் போய்விட்டது. அதனால் கண்ணாடியில் தட்டு செய்தார்கள். கை தவறினால் நொறுங்கி விடும்!

இன்னும் ஒரு ஆபத்து உள்ளே இருந்தது. பூச்சு இளகி இருப்பதற்காக அதில் நம்முடைய ஆமணக்கெண்ணெயைக் கலந்தார்கள். ஆண்டுகள் ஆக ஆக அந்த எண்ணெய் சிதைந்து, வெள்ளைப் பொடியாக வெளியே வரும். பூச்சு சுருங்கும். உள்ளே இருக்கும் அலுமினியமோ கண்ணாடியோ சுருங்காது. முடிவில் பூச்சு வெடித்து உரிந்துவிடும். குரலும் அதோடு உரிந்துவிடும்.

குப்பையில் இருந்து

1950-ம் ஆண்டுகளில் டெலிவிஷன் வந்தது. ரேடியோ நாடகங்களைக் கேட்க ஆள் இல்லை. பல நிலையங்கள் பழைய தட்டுகளைக் குப்பையில் கொட்டின. அலுமினியத்துக்காக எடைக்குப் போட்டவர்களும் உண்டு.

யுத்த காலத்தில் கடல் கடந்து போன போர்வீரர்களுக்காக, ராணுவ ரேடியோ நிலையங்களுக்கு நாடகத் தட்டுகள் அனுப்பப்பட்டன. "வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும்" என்பது உத்தரவு. சிலர் உத்தரவை மீறினார்கள். தட்டுகளை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள்!

இப்படி வீட்டுப் பரணிலும், கார் கொட்டகையிலும், பழைய சாமான் கடையிலும் தட்டுகள் ஒளிந்து கிடந்தன. ரசிகர்கள் தேடிப் பிடித்தார்கள். வாங்கிய தட்டை டேப்பில் பதிந்து, தபாலில் ஒருவருக்கு ஒருவர் அனுப்பிக் கொண்டார்கள். 1974-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் இதற்காக ஒரு சங்கமே ஏற்பட்டது.

அந்த ரசிகர்களில் பலர் பண்டிதர்கள் அல்ல. சிறு வயதில் ரேடியோப் பெட்டி முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள்தான். அவர்களுடைய டேப்புகளில் இருந்தே பல நாடகங்கள் பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தன. இன்று உலகின் எந்த மூலையில் இருந்தும் அவற்றைக் கேட்கலாம்.

அரசாங்கமும் பிறகு விழித்துக் கொண்டது. வர்ஜீனியா மாநிலத்தில் கல்பெப்பர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மலையைக் குடைந்து கட்டிய பாதாள அறை ஒன்று உண்டு. அணுகுண்டு யுத்தம் வந்தால் நாட்டுக்குப் பணம் வேண்டுமே என்று, கோடி கோடியாக டாலர் நோட்டுகளை அங்கே அடுக்கி வைத்து இருந்தார்கள்.

2007-ம் ஆண்டில் அது அமெரிக்கப் பாராளுமன்ற நூலகத்தின் ஒலி, பட காப்பகமாக மாறியது. நோட்டு இருந்த இடத்தில் இப்போது பாட்டும் பேச்சும் நாடகமும் இருக்கின்றன!

ஊசி பட்டால் உடையக்கூடிய தட்டுகளுக்கும் வழி பிறந்து இருக்கிறது. கலிபோர்னியாவில் உள்ள லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்தின் பௌதிக விஞ்ஞானி கார்ல் ஹேபரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கருவி அமைத்தார்கள். அது தட்டைத் தொடுவதே இல்லை. கீறல்களைப் படம் பிடிக்கிறது. படத்தில் இருந்து கம்ப்யூட்டர் ஒலியைக் கணக்கிட்டுத் தருகிறது. உடைந்த தட்டும் பேசுகிறது!

எழுதியவர் கண்ட பலன்

இந்தக் கதையில் மனதை வருத்தும் பகுதியும் உண்டு.

ஸ்டிரைக்கர் இரவு பகலாக எழுதினார். வாரத்துக்குச் சுமார் 60 ஆயிரம் சொற்கள் எழுதினார் என்று கணக்கிட்டு இருக்கிறார்கள். ஆனால் 1934-ம் ஆண்டிலேயே கதையின் உரிமையை டிரெண்டிலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். 20 ஆண்டுகள் கழித்து, 1954-ம் ஆண்டில் டிரெண்டில் அந்த உரிமையை விற்றார். விலை 30 லட்சம் டாலர்!

ஸ்டிரைக்கர் 1962-ம் ஆண்டு இறந்தார். அவர் முடிவும் மோட்டார் விபத்துதான்.

டோன்டோவாக நடித்தவர் செவ்விந்தியர் அல்ல. ஜான் டாட் என்ற வயதான வெள்ளைக்கார மேடை நடிகர். டோன்டோவின் வாயில் கொச்சையான அரைகுறை இங்கிலீஷைத் திணித்தார்கள். அது தங்களை இழிவுபடுத்துவதாகச் செவ்விந்திய மக்கள் பிற்காலத்தில் வருந்திச் சொன்னார்கள். தட்டில் அந்தக் குறையும் பதிந்து இருக்கிறது. ஒரு காலத்தின் வீரத்தைக் காட்டும் தட்டு, அந்தக் காலத்தின் கண்மூடித்தனத்தையும் மறைக்காமல் காட்டுகிறது.

புதிய குரல்

கிராசர் இறந்ததும் நிலையத்தார் திகைத்தார்கள். வீரனின் குரல் திடீர் என்று மாறினால் சிறுவர்கள் ஏற்பார்களா?

அதற்குத்தான் அந்தக் காயம்! சில நாடகங்களில் வீரன் முணுமுணுத்தான். டோன்டோ கதையை நடத்தினான். பிறகு மெல்ல மெல்ல வீரனுக்குப் பேச்சு வந்தது. அது பிரேஸ் பீமரின் குரல்.

பீமர் அதே நாடகத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். கிராசர் மைக் முன்னால் பேசிக்கொண்டு இருந்த காலத்திலேயே, முகமூடி அணிந்து பொது விழாக்களில் தோன்றியவர் பீமர்தான். கிராசருடைய முகம் ஊருக்குத் தெரியாது.

பீமர் 13 ஆண்டுகள் பேசினார். 1954-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந்தேதி கடைசிப் புதிய நாடகம் ஒலிபரப்பானது. மொத்தம் 2,956 நாடகங்கள் என்பது கணக்கு. பீமர் 1965-ம் ஆண்டில் காலமானார்.

1941-ம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில் ஒலிபரப்பான நாடகம் ஒன்றைப் போட்டுக் கேட்டால் கிராசர் கணீர் என்று பேசுகிறார். தொடர்ந்து அடுத்தடுத்த நாடகங்களைக் கேட்டால் அந்தக் குரல் வராது. முணுமுணுப்பு, டோன்டோவின் பேச்சு, பிறகு வேறு ஒரு கம்பீரமான குரல்.

ஒரு மனிதன் போன இடத்தில் இன்னொரு மனிதன் வந்து நிற்பது காதில் கேட்கிறது. வெளியூருக்கு விற்பதற்காகப் பதிந்த தட்டு, 32 வயதில் போனவரின் குரலை விட்டு வைத்து இருக்கிறது.