ஏழு நாள் கணக்கு

கைமணம் உள்ள பெண்ணுக்கு அக்கம்பக்கத்தில் எப்போதும் நல்ல பெயர்தான். "உங்க பருப்புப்பொடி மாதிரி கடையில கிடைக்கலையே, விலைக்காவது கொடுங்களேன்" என்று நாலு பேர் கேட்டுவிட்டால் போதும், அடுப்படி வேலையே வருமானமாகிவிடும். எங்கள் செவ்வாப்பேட்டையில் அப்பளம், வடாம், தொக்கு, சத்துமாவு என்று செய்து விற்கும் குடும்பப் பெண்கள் பலரை எனக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அந்தச் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாகப் போய்விடும். பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் இந்தப் பொடியிலிருந்துதான் வரவேண்டும்.

இப்படி விற்பதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2006-ஆம் ஆண்டுச் சட்டமும், 2011 ஆகஸ்டில் அமலுக்கு வந்த விதிகளும் இதைச் சொல்கின்றன. பெரிய கம்பெனிக்கு லைசென்ஸ். நம்மைப் போன்ற சிறு வியாபாரிக்கு வெறும் பதிவு போதும். அந்த விதிகள் வைத்த எல்லை வருஷத்துக்கு 12 லட்சம் ரூபாய் விற்பனை, கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபாய். 2020 ஜூனிலிருந்து தமிழ்நாட்டில் இதற்கான விண்ணப்பம் புதிய இணையதளம் வழியாகப் போகிறது.

இதெல்லாம் எதற்கு என்று நினைக்க வேண்டாம் சகோதரிகளே. கைக்குழந்தைக்குச் சத்துமாவு வாங்குகிற தாய்க்கு, அதைச் செய்த இடத்தில் தண்ணீர் சுத்தமா, பாத்திரம் சுத்தமா என்று யாராவது கேட்டிருக்கிறார்கள் என்ற நிம்மதி வேண்டாமா? சோதனை அவசியம்தான். தாமதம்தான் அவசியமில்லை.

வேறு ஊரில் இருக்கும் என் நாத்தனார் மிளகாய்த் தொக்கும் பொடி வகைகளும் போடுகிறவள். ஒரு கடைக்காரர் தீபாவளிக்கு நிறைய கேட்டார். ஆனால் பாக்கெட்டில் பதிவு எண் இருந்தால்தான் எடுப்பேன் என்றார். மகளிர் குழுவில் கடன் வாங்கி மிளகாய் வாங்கிப் போட்டுவிட்டு, பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாள். கொஞ்ச நாள் கழித்து, முகவரிச் சான்று தெளிவாக இல்லை என்று பதில். சரி செய்து அனுப்பினாள். அடுத்து, பொருள்களின் பட்டியல் சரியில்லை. அதையும் திருத்தினாள். பிறகு, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கேள்வி. "அண்ணி, இந்த மூணையும் முதல் நாளே சேர்த்துச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று போனில் அழுதாள். எண் கைக்கு வந்தபோது தீபாவளி முடிந்திருந்தது. மழையில் மிளகாய் நமுத்துப்போனதும், கடன் தவணை நின்றதும்தான் மிச்சம்.

இத்தனைக்கும் விதியில் நாள் கணக்கு இருக்கிறது. விண்ணப்பம் வந்த 7 நாளுக்குள் பதிவு கொடுக்க வேண்டும். அல்லது காரணத்தை எழுத்தில் தெரிவித்து மறுக்க வேண்டும். அல்லது நேரில் பார்க்க வருவதாகச் சொல்ல வேண்டும். பார்க்க வருவதானால் 30 நாளுக்குள் முடிவு. நம் தரப்பைக் கேட்காமல் மறுக்கவும் கூடாது. 7 நாளில் எந்தப் பதிலும் இல்லையென்றால், வியாபாரத்தைத் தொடங்கிக்கொள்ளலாம் என்றே அந்த 2011 விதி சொல்கிறது. பிறகு அதிகாரி சொல்லும் திருத்தங்களைச் செய்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேட்க இனிக்கிறது, இல்லையா? ஆனால் கடைக்காரரிடம் போய், "எட்டாம் நாளாயிற்று, சட்டம் அனுமதித்துவிட்டது" என்றால் அவர் பாக்கெட்டை எடுப்பாரா? அவருக்கு வேண்டியது 14 இலக்க எண். சர்க்கார் மௌனமாக இருந்தால் அனுமதி கிடைக்கலாம், எண் கிடைக்காது. கோளாறு இங்கேதான்.

என் அபிப்பிராயம் இதுதான். எட்டாம் நாள் விடிந்ததும் கம்ப்யூட்டரே எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். முடியாத காரியமில்லை. 2024-ல் சில்லறைக் கடை, மொத்த வியாபாரம் போன்ற ஆபத்துக் குறைந்த தொழில்களுக்கு உடனடிப் பதிவு கொண்டுவந்தார்கள். சமைத்து விற்பவருக்கு அத்தனை அவசரம் வேண்டாம்; சொன்ன நாளில் கொடுத்தால் போதும். இரண்டாவது, குறைகளை ஒரே தடவையில் முழுவதுமாகச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கினால் ஏழு நாள் என்பதற்கு அர்த்தமே இல்லை. மூன்றாவது, சரியாகப் பூர்த்தி செய்த மாதிரி விண்ணப்பம் ஒன்றைத் தமிழில் எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் 2010-லேயே ஒரு சட்டம் செய்தார்கள். அதில் சேர்த்த சேவைகளைக் குறித்த நாளில் தராத உத்தியோகஸ்தருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் அபராதம். பயத்துக்காகச் சொல்லவில்லை. தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. இன்று அதை ஏழைப் பெண் மட்டும்தானே கொடுக்கிறாள்?

அதுவரை நாம் செய்யக்கூடியதும் கொஞ்சம் உண்டு. புகைப்படம், அடையாள அட்டை, பொருள் செய்கிற இடத்தின் முகவரிச் சான்று மூன்றையும் தெளிவாக நகல் எடுத்து வையுங்கள். செய்கிற பொருள் ஒவ்வொன்றையும் பட்டியலில் எழுதுங்கள். குடிநீர், மூடியிட்ட குப்பைக்கூடை, ஈ மொய்க்காத அடுப்படி இவை எந்த நாளும் தயாராக இருக்கட்டும். விண்ணப்ப எண்ணையும் தேதியையும் காலண்டரில் குறித்து, எட்டாம் நாள் பணிவாக, ஆனால் எழுத்தில், "என் மனு எந்த நிலையில் உள்ளது?" என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-லிருந்து இருக்கிறது. 10 ரூபாய் கட்டி அதையே கேட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பால் கணக்கையும் சீட்டுக் கணக்கையும் தவறாமல் எழுதுகிறவர்கள் நாம். இந்த ஏழு நாள் கணக்கையும் அதே நோட்டில் எழுதி வைப்போம்.