தோலரணும் பெப்தைட்டும்

மெய், வாய், கண், மூக்கு, செவி என ஐம்பொறிகளை எண்ணுமிடத்து நம் முன்னோர் மெய்யை முதற்கண் வைத்தனர். ஆங்கு மெய் என்றது ஊற்றுணர்வுக்கு இடமாகிய தோலையே. உணர்தற்றொழிலேயன்றிக் காத்தற்றொழிலும் அதற்கு உண்டு. அக்காப்பினை வலுப்படுத்தும் பெப்தைட்டுச் சேர்ந்தவை எனக் கூறிக்கொள்ளும் களிம்புகள், வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பொதிகளில் நம் இல்லங்களுக்கு வருகின்றன. அச்சொல்லின் பொருள் யாதென மாணவர் சிலர் வினவினமையால் எழுந்தது இக்கட்டுரை.

அமினோவமிலங்கள் பல கோவையாகத் தொடுக்கப்பட்ட நீண்ட சங்கிலி புரதம். அதன் குறுந்துண்டு பெப்தைட்டு. சமிபாட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது இப்பெயர். பருப்பும் பாலும் குடலிற் சமிக்கும்போது உண்டாவனவும் பெப்தைட்டுகளே. 1847இல் இங்கு வந்து, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்த கிறீன் வைத்தியர் இன்றிருந்தால் இதற்கும் ஒரு தமிழ்ப் பெயர் ஆக்கியிருப்பார். யான் பாடநூல் வழக்கையே கொள்கின்றேன்.

தோலின் வெளிப்புறத்தே இறந்த கலங்கள் பதினைந்து இருபது அடுக்காகக் கிடக்கின்றன. அப்படையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஓரிரு பங்கே. கலங்கள் கல்லாகவும், இடையே செறிந்த கொழுப்புப் பொருள்கள் சாந்தாகவும் அமைந்த மதில் என இதனை அறிஞர் உவமிப்பர். சாந்தில் ஏறத்தாழப் பாதி செரமைட்டு; எஞ்சியது பெரும்பாலும் கொலஸ்தரோலும் கொழுப்பமிலங்களும். உவமை நன்றே, எனினும் நம்மூர்க் கிடுகுவேலியே இன்னும் பொருந்தும் என்பேன். மதில் கட்டியபடி கிடப்பது. வேலியோ பழைய கிடுகு உக்கப் புதிய கிடுகால் அடைக்கப்படுவது. தோலின் இவ்வெளிப்படையும் ஏறத்தாழ இரண்டு கிழமைகளிற் புதுக்கப்பட்டுவிடுகின்றது.

வேலியிருந்தும் காவலாள் வேண்டுமன்றோ? அக்காவலருட் சிலர் பெப்தைட்டுகள். ஆபிரிக்கத் தவளைகளை அறுவை செய்து அழுக்கு நீரில் விட்டும் அவற்றின் புண் சீழ்கொள்ளாது ஆறுவதேன் என மைக்கேல் சாஸ்லொவ் என்னும் அமெரிக்க மருத்துவர் வியந்தார். அவ்வியப்பின் பயனாக, தவளைத்தோலிற் கிருமிகொல்லும் பெப்தைட்டுகளைக் கண்டு 1987இல் வெளியிட்டார்; கேடயம் எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லடியாக அவற்றுக்கு மகைனின் என்று பெயரும் இட்டார். மனிதத் தோலிலும் இத்தகையன பல உள. 37 அமினோவமிலங்களாலான எல்.எல்.37 அவற்றுள் ஒன்று. 2001இல் ஜேர்மனியில் அறிஞர் வியர்வையிலேயே ஒன்றைக் கண்டனர். தோட்டத்தில் மண்வெட்டி பிடிப்பவன் மேனியில் வழிவது வெறும் உப்புநீரன்று. சொரியாசிசு நோயோடு ஒப்பிட, கரப்பன் கண்ட தோலில் இக்காவலர் குறைவு என்று 2002இல் ஓர் ஆய்வு காட்டிற்று. கரப்பனில் அடிக்கடி பற்றீரியத் தொற்று உண்டாவதற்கு இஃதும் ஒரு காரணம்.

குறைந்ததைப் புட்டியிலிருந்து நிரப்பலாகாதோ எனின், ஆங்கேதான் இடர்ப்பாடு. தோலை எளிதிற் கடக்கும் பொருளின் மூலக்கூற்றுத் திணிவு 500 தோற்றனுக்கு உட்பட்டிருத்தல் வேண்டும் என 2000ஆம் ஆண்டில் ஒரு வரையறை கூறப்பட்டது. எல்.எல்.37இன் திணிவோ ஏறத்தாழ 4,500. மனிதக் குருதியில் 1973இல் லோரன் பிக்கார்ட் கண்டறிந்த, செம்போடு சேரும் சிறு பெப்தைட்டு 340 அளவினதாகலின் வரம்புக்குள் அடங்கும். பெரியவற்றைக் கொழுப்பமிலத்தோடு பிணைத்து உட்செலுத்த முயல்வர். வேலியைத் திருத்த வந்தவனை வேலியே மறிக்கின்றது! அன்றியும், களிம்புகளில் வரும் பெப்தைட்டுகளுட் பல, உட்புறத்துக் கொலாஜனைத் தூண்டி முகச்சுருக்கம் நீக்கும் நோக்கினவே. வெளிப்படையின் சாந்தை நிரப்புதல் அவற்றின் முதற்றொழிலன்று. சிறு சோதனைகள் சிலவற்றிற் பயன் தோன்றியதுண்டு. ஆயினும், குழந்தையின் கரப்பனுக்கென்று பல்லாயிரம் ரூபா கொடுத்து இவற்றை வாங்கும் தாய்மாருக்கு, அச்செலவுக்குத் தக்க ஆதாரம் இல்லை என்றே சொல்லல் வேண்டும்.

சாந்தைக் கரைப்பது எது என நோக்குதல் நன்று. தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மையுடையது; பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5. சாதாரண சவர்க்காரத்துக்கு அது 9 அல்லது 10. குடாநாட்டுக் கிணற்றுநீர் சுண்ணக்கல்லினூடு ஊறிய வன்னீர் ஆகலின் எளிதில் நுரையாது. நுரைக்கும்வரை மேலும் மேலும் தேய்க்கின்றோம். அலம்பிய பின்னும் அதன் படிவு தோலில் தங்குகின்றது. கரப்பனை அழுக்கென்று கருதிக் குழந்தையைச் சவர்க்காரமிட்டு உரஞ்சுதல் வேலியைப் பிடுங்குதலேயாம்.

எண்ணெயின் நிலை வேறு. டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது மருத்துவமனைத் தொற்று 41 வீதம் குறைந்ததென 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆயின் எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. 2013இல் இங்கிலாந்து ஆய்வொன்றில் ஒலிவெண்ணெய் வளர்ந்தோரின் தோலரணைத் தளர்த்திற்று. செரமைட்டு ஆக்கத்துக்கு உதவும் லினோலெயிக்கமிலம் சூரியகாந்தியில் மிகுதி. நம் நல்லெண்ணெயிலும் ஏறத்தாழ 40 வீதம் உண்டு. அதுகொண்டு சனி முழுக்குக் கரப்பனைத் தீர்க்கும் என யான் கூறேன். மணமற்ற, வசலின் போன்ற எளிய களிம்பைக் குளித்த ஈரம் உலருமுன் பூசுவதே தோல்வைத்தியர் முதலிற் சொல்வது. நீர் வடிந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே குழந்தையை வைத்தியரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.