இரும்பின் வயது தெரிந்துவிட்டது; இழிவின் வயது?

காயல்பட்டினம் நிலையத்தில் திருநெல்வேலி ரயிலைப் பிடித்தால் ஆறுமுகநேரி, குரும்பூர், நாசரேத், ஆழ்வார்திருநகரி கடந்து ஸ்ரீவைகுண்டம் வந்துவிடும். உப்புக்காற்று போய் வாழைத்தோப்புக் காற்று முகத்தில் அடிக்கும் அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் தமிழகத் தொல்லியலின் பெரிய பெயர்கள் எல்லாம் அடங்கிவிடுகின்றன. ஆற்றுக்கு வடக்கே கொற்கையும் சிவகளையும். தென்கரையில் ஆதிச்சநல்லூர். கடலோரம் பழையகாயல், காயல்பட்டினம். தாமிரபரணி கடலில் சேருமுன் தொட்டுச் செல்லும் ஊர்கள் இவை.

2025 ஜனவரி 23 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னையில் ‘இரும்பின் தொன்மை’ நூலை வெளியிட்டபோது சிவகளையின் பெயர் உலகச் செய்தியானது. அங்கே தாழிகளோடு கிடைத்த மாதிரிகளில் ஒன்றின் காலம் கி.மு. 3345 என்று அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 5,300 ஆண்டுகள். அதற்கு முன்பே, 2021-ல், சிவகளைத் தாழியிலிருந்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 எனச் சட்டமன்றத்தில் சொல்லப்பட்டிருந்தது. 2004-05ல் ஆதிச்சநல்லூரில் எடுத்த மாதிரிகளுக்கு கி.மு. 905, கி.மு. 696 என்று முடிவு வந்தது. கொற்கைக்கு 1968-69 அகழாய்விலேயே கி.மு. 785 கிடைத்திருந்தது.

நம் மாவட்டத்துக்காரன் என்ற முறையில் இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. ஆனால் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று. இரும்புக்கு வயது கண்டாயிற்று. நெல்லுக்குக் கண்டாயிற்று. பிறப்பால் ஒருவரை ஊருக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்துக்கு வயது என்ன? அது இரும்போடு வந்ததா, நெல்லோடு வந்ததா, எல்லாவற்றுக்கும் வெகுகாலம் பின்னால் வந்ததா?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடச் சரியான இடம் இடுகாடுதான். உயிரோடு இருக்கும்போது மறைத்து வைத்த ஏற்றத்தாழ்வைச் சாவில் மறைக்க முடியாது.

114 ஏக்கர் இடுகாடு

ஆதிச்சநல்லூர் பரம்பை முதலில் தோண்டியவர் ஜெர்மானியரான ஃபெடோர் ஜாகோர். ஆண்டு 1876. எடுத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ விரிவாகத் தோண்டினார். இடுகாட்டின் பரப்பு 114 ஏக்கர் என்று குறித்தவரும் அவரே. அவர் கண்டெடுத்த வெண்கலப் பொருட்கள், இரும்பு வாள்கள், வேல்கள், நெற்றியில் கட்டும் பொற்பட்டங்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. பிறகு நூறாண்டு அமைதி. 2004-05ல் தொல்லியல் துறையின் தி.சத்தியமூர்த்தி குழு 150-க்கு மேற்பட்ட தாழிகளைக் கண்டது. அந்த அறிக்கை வெளிவரவே பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆனது. அதற்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்கு நடக்க வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்டில் இங்கேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். இப்போது கண்ணாடித் தளத்தின்மீது நின்று, காலுக்குக் கீழே குழியில் கிடக்கும் தாழிகளைப் பார்க்கலாம்.

அந்தப் பரம்பு மண் வெறும் மண் அல்ல. சரளையும் பாறையும். பாறையை வெட்டிக் குழி எடுத்து, அதில் தாழியை இறக்கியிருக்கிறார்கள். சில தாழிகளில் உடலை அப்படியே மடக்கி வைத்திருக்கிறார்கள். வேறு சிலவற்றில் வேறெங்கோ கிடந்து சதை நீங்கிய எலும்புகளைப் பொறுக்கி வைத்திருக்கிறார்கள்.

தாழிகள் எல்லாம் ஒன்றுபோல் இல்லை. பொற்பட்டம் எல்லோருக்கும் வைக்கப்படவில்லை. வேலைப்பாடு மிகுந்த வெண்கல மூடி சிலருக்கு. ஒன்றிரண்டு மண்கலம் மட்டும் பலருக்கு. ஆகவே அந்தச் சமூகத்தில் பெரியவர் சிறியவர் இருந்தார்கள். அதை மறைத்து, ஆதித் தமிழர் எல்லோரும் சமமாக வாழ்ந்தார்கள் என்று மேடையில் பேசுவது நமக்கு உதவாது. ஆனால் பொன் வைத்தவனும் மண்கலம் வைத்தவனும் ஒரே பரம்பில் கிடக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். செல்வத்தில் வேற்றுமை இருப்பதும், பிறப்பைக் காட்டி ஒருவரைத் தொடாமல் ஒதுக்குவதும் ஒன்றல்ல. முதலாவதைத் தாழி காட்டுகிறது. இரண்டாவதைக் காட்டவில்லை.

மூக்கை அளந்தவர்கள்

இந்த எலும்புகளிடம் இதுவரை கேட்கப்பட்ட கேள்விகளைப் பாருங்கள். 1930-ல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக சோலி சுக்கர்மன் எழுதிய ஆய்வு வந்தது. பொருள், ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள். இவை எந்த இனத்தவை என்பதே அன்றைய கேள்வி. அதே அருங்காட்சியகத்தில், ரீ தோண்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். உயிரோடிருந்தவர்களின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து, சாதி வாரியாகப் பட்டியல் போட்டவர். வடக்கே ஹெர்பர்ட் ரிஸ்லி, மூக்கு அகலமாக ஆக சாதி தாழ்ந்துகொண்டே போகும் என்று ஒரு விதியே எழுதிவைத்தார்.

அந்த எண்களையே எடுத்து அந்த வாதத்தை உடைத்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1948-ல் வெளியான ‘தீண்டப்படாதார்’ நூலில், ஜி.எஸ்.குர்யே பயன்படுத்திய மூக்களவுகளை வரிசையாக வைத்துக் காட்டினார். இந்த அளவை நம்புவதானால் பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம் என்றுதான் முடிவு கட்ட வேண்டும், இனவேற்றுமையால் தீண்டாமை பிறந்தது என்ற கதை நிற்காது என்றார். அதோடு விடவில்லை. தீண்டாமை எப்போது தொடங்கியது என்றும் கேட்டு, சுமார் கி.பி. 400 என்று ஒரு காலத்தையும் முன்வைத்தார். அந்தக் காலக்கணிப்பை ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் தீண்டாமைக்குத் தொடக்கம் என்று ஒன்று உண்டு, ஆகவே அது ஆதியிலிருந்து வந்ததல்ல என்று, ஆண்டு குறித்துப் பேசிய துணிவு அவருடையது.

மண்டையோட்டு மோகம் இன்னும் ஓயவில்லை. 2004-05 எலும்புகளைப் பற்றியும் இந்த இனம் இத்தனை சதவீதம் என்ற செய்திகள் வந்தன. 2025-ல் கீழடியை அடுத்த கொந்தகையின் மண்டையோடுகள் இரண்டுக்கு லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று முகம் வரைந்து கொடுத்தபோது, நம் ஊர் டீக்கடைகளில் நடந்த பேச்சு அந்த முகம் யார் சாயலில் இருக்கிறது என்பதுதான். நம் ஆட்களிலும் சிலர், தாழிக்குள் இருப்பவர் எங்கள் பாட்டன் மட்டுமே என்று பட்டா கேட்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் தர்ஸ்டனின் அளவுகோலை நாமே வாங்கி நம் மூக்கில் வைத்துக்கொள்ள வேண்டுமா?

நடுவில் நடந்தது என்ன?

தாழிக் காலம் ஒரு முனை. சங்கப் பாடல்களை மறுமுனையாக வைத்துக்கொள்வோம். புறநானூற்றில் ஒரு பெண், இறந்த கணவனோடு தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்லி வேட்கோவரிடம் கேட்கும் பாடல் இருக்கிறது. மண்பாண்டம் செய்கிறவரை அவள் மதிப்போடுதான் அழைக்கிறாள். அதே புறநானூற்றில், சுடுகாட்டில் இறந்த மன்னனுக்குச் சோறு படைப்பவனை ‘இழிபிறப்பினோன்’ என்று சொல்லும் பாடலும் இருக்கிறது. இழிந்த தொழில் என்று சொல்லவில்லை. இழிந்த பிறப்பு என்கிறது. சாவு வேலை செய்கிறவரின் பிறப்பே தாழ்ந்தது என்ற எண்ணம் அதற்குள் தமிழ்நிலத்தில் வந்துவிட்டது. வடக்கிலிருந்து வந்த நோய் என்று முழுப்பழியையும் தூக்கி அங்கே போடுகிறவர்கள் இந்தச் சொல்லுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மரபணு ஆய்வும் ஏறக்குறைய இந்த இடைவெளியைத்தான் சுட்டுகிறது. ஹைதராபாத் சிசிஎம்பி நிறுவனத்தின் கே.தங்கராஜும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு, 73 சமூகக் குழுக்களைப் பார்த்தது. சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தத் துணைக்கண்டத்தில் எல்லோரும் எல்லோரோடும் கலந்திருக்கிறார்கள். ஒதுங்கி வாழ்வதாக நாம் நினைக்கும் குழுக்களிலும் அந்தக் கலப்பு இருக்கிறது. அதற்குப் பிறகு கதவு சாத்தப்பட்டது. சாதிக்குள்ளேயே மணம் என்றானது. ஆதிச்சநல்லூரில் தாழி இறக்கிய காலம், கதவு திறந்திருந்த காலம்.

கடலோரத்தையும் கொஞ்சம் பார்ப்போம். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழி நூலான ‘பெரிப்ளஸ்’, கொற்கையில் முத்துக் குளிப்பவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. பாண்டியனின் புகழ்பெற்ற முத்து, கைதியின் மூச்சு. அப்புறம் 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்கோ போலோ வருகிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைக் கப்பல்கள் வந்து நின்ற காயலை அவர் வர்ணிக்கிறார். (அந்தக் காயல் பழையகாயல்தான் என்று 1870-களில் அங்கே தோண்டிப் பார்த்த கால்டுவெல் முடிவு சொன்னார், காயல்பட்டினத்துக்காரர்கள் இன்றும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.) மாபார் கடலில் எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. இருபதில் ஒரு பங்கு, பெரிய மீன்கள் குளிப்பவரைத் தாக்காமல் மந்திரம் போடும் பிராமணருக்கு. மூச்சடக்கி முழுகியவருக்குக் கூலி. கரையில் நின்று மந்திரம் சொல்வது பங்கு பெறும் தொழிலாகவும், முழுகுவது கூலித் தொழிலாகவும் பிரிந்திருந்த காட்சி அது. கைதியிலிருந்து கூலிக்கு வர ஆயிரத்து இருநூறு ஆண்டு ஆகியிருக்கிறது.

எலும்பிடம் கேட்க வேண்டியது

ஆகவே எலும்பிடம் இனத்தைக் கேட்காமல் உழைப்பைக் கேட்க வேண்டும். தலையில் சுமை தூக்கியவரின் கழுத்தெலும்பு அதைச் சொல்லும். குழந்தையில் பட்டினி கிடந்தவரின் பல்லில் கோடு விழுந்திருக்கும். எலும்பின் வேதியியலைப் பார்த்தால் ஒருவர் மீன் தின்று வாழ்ந்தாரா, இறைச்சியா, தானியமா என்று ஓரளவு தெரியும். பொற்பட்டத் தாழிக்காரரும் மண்கலத் தாழிக்காரரும் ஒரே சாப்பாடுதான் சாப்பிட்டார்களா? பாறையை வெட்டிக் குழி எடுத்தவர் பிறகு அதே பரம்பில் புதைக்கப்பட்டாரா? இவற்றுக்கு நாம் விடை கேட்கலாம்.

இப்படிக் கேட்டுப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். 1991-ல் நியூயார்க் நகரின் நடுவில் அரசுக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது, ஆப்பிரிக்க அடிமைகளின் இடுகாடு வெளிப்பட்டது. நானூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள். கறுப்பின மக்கள் திரண்டார்கள். கட்டட வேலை நின்றது. எலும்புகள் கறுப்பினத்தவரின் ஹோவர்டு பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்பட்டன. மைக்கேல் பிளேக்கி தலைமையிலான குழு, சிறுவர்களின் எலும்பில்கூடக் கடும் சுமையின் தடயம் இருந்ததை எடுத்துக் காட்டியது. எந்த இனம் என்ற கேள்வியோடு நிறுத்தாமல், எங்கிருந்து வந்தார்கள், எப்படி வாழ்ந்தார்கள், எதை எதிர்த்தார்கள் என்று கேட்டார்கள். 2003-ல் எல்லா எலும்புகளையும் மரியாதையோடு அதே இடத்தில் திரும்ப அடக்கம் செய்தார்கள்.

நம் பக்கம் அந்தப் பேச்சே எழவில்லை. பரம்பில் குழி எடுக்கும்போது மம்பட்டி பிடிக்கிறவர்கள், சட்டியில் மண் சுமக்கிறவர்கள், சல்லடையில் சலித்து ஒரு பாசிமணியைக் கண்டுபிடிக்கிறவர்கள் பெரும்பாலும் சுற்று ஊர்களின் தினக்கூலிகள். மண்ணின் நிறம் மாறுவதை அதிகாரிக்கு முன்பே காண்கிற கண் அவர்களுடையது. எகிப்தில் குஃப்ட் என்ற ஊரின் ஆட்களை 1890-களில் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி பழக்கினார். அந்தக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அகழாய்வு மேஸ்திரிகளாகப் பெயர் பெற்றார்கள். நம் பரம்பு வேலைக்காரர்களுக்கு சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது.

இன்னொரு செய்தியையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கிக் கொண்டுபோனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. தலித்துகளுக்குத் தனி மயானம் ஒதுக்குவதன் மூலம் அரசே இந்த வழக்கத்தை ஊக்குவிக்கிறதா என்று நீதிபதிகள் கேட்டார்கள். ஊருக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று இரண்டு மயானங்கள் தமிழக ஊர்கள் பலவற்றில் இன்றும் இருக்கின்றன. மூவாயிரம் ஆண்டு கழித்து ஒருவர் வந்து தோண்டினால், நம் சாதியைக் கண்டுபிடிக்க அவருக்கு மண்டையோடு தேவைப்படாது.

நெல்லை ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம், ஆதிச்சநல்லூரில் கண்ணாடித் தளம் என்று கட்டடங்கள் எழுந்துவிட்டன. இனி வரும் அகழாய்வு அறிக்கைகளில் உணவையும் உழைப்பையும் பற்றிய எலும்பு ஆய்வுக்குத் தனி அத்தியாயம் வேண்டும். இயக்குநர் பெயருக்குக் கீழே, குழியில் இறங்கிய ஒவ்வொருவர் பெயரும் ஊரும் அச்சாக வேண்டும். சிவகளையில் பரம்பு வேலைக்குப் போன அக்கா ஒருவர் தன் பேத்தியைக் கூட்டிக்கொண்டு அருங்காட்சியகத்துக்கு வந்தால், சுவரில் தன் பெயரைக் காட்ட முடிய வேண்டும்.