செய்வினை என்று நம்பினால் மனநோயா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பகுதியைத் தைக்கும் பெண் டாக்டரிடம் போனால், "மனசு சரியில்லை" என்று தொடங்குவது அபூர்வம். தலை பாரம், உடம்பெல்லாம் வலி, நெஞ்சு படபடப்பு, ராத்திரி தூக்கமில்லை என்றுதான் சொல்வார். ஊசியும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்புவார். வேலூரில் ஆரம்ப நிலை சிகிச்சைக்கு வருகிறவர்களை சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மருத்துவர்கள் ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற கோளாறு இருந்தது.

அதற்காக எல்லா வலியையும் மனதின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. சோல் ஒட்டும் பசையிலிருந்து வரும் ஆவி தலைவலியும் கிறுகிறுப்பும் தரும். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் ஆளைச் சோரவைக்கும். முதலில் அவற்றைப் பார்த்துவிட வேண்டும். பிறகு கேட்க வேண்டியவை இரண்டே: எத்தனை நாளாக இப்படி? அன்றாட வாழ்க்கை எவ்வளவு முடங்கியிருக்கிறது? கடனை நினைத்துக் கவலைப்படுவது நோயல்ல. எதிலும் நாட்டமில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டு, நாள் முழுக்க மனம் கனத்துக் கிடப்பது இரண்டு வாரமாவது நீடித்து, வேலையும் வீடும் பாதிக்கப்பட்டால் அது மனச்சோர்வு நோய். காரணத்துக்கு மிஞ்சிய பயம் மாதக்கணக்கில் விடாமல் துரத்தினால் பதற்றக் கோளாறு.

மனப்பிறழ்வு எனப்படும் சைக்கோசிஸ் வேறு வகை. பேச ஆளில்லாத இடத்தில் குரல் கேட்பது பிரமை. சூப்பர்வைசர் முதல் கம்பெனி பஸ் டிரைவர் வரை எல்லோரும் கூடித் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று, என்ன சான்று காட்டினாலும் அசையாமல் நம்புவது மருட்சி. இவையும் சிந்தனைக் குழப்பமும் ஒரு மாதமோ அதற்கு மேலோ தொடர்ந்தால் மனச்சிதைவு நோயா என்று மருத்துவர் ஆராய்வார். 'அந்நியன்' படத்தில் ஒரே ஆளான அம்பி, ரெமோ என்ற வேறு ஆளாக மாறுவதற்கும் மனச்சிதைவுக்கும் சம்பந்தமில்லை. இரண்டும் ஒன்று என்ற குழப்பம் சினிமா விதைத்தது.

மருட்சிக்கு ஒரு முக்கியமான நிபந்தனை உண்டு: அந்த நம்பிக்கை அவர் வாழும் சமூகத்துக்குப் பொதுவானதாக இருக்கக் கூடாது. "எனக்கு யாரோ செய்வினை வெச்சிட்டாங்க" என்று ஒருவர் சொல்கிறார். அவர் தெருவே அதை நம்புகிறது என்றால் அந்தப் பேச்சை மட்டும் வைத்து மனநோய் என்று முடிவு கட்ட முடியாது.

நோயாளி தனக்கு நோய் இருப்பதை ஏற்கிறாரா என்பதையும் மருத்துவர்கள் பார்ப்பார்கள். இதற்கு நோயுணர்வு என்று பெயர். பாடப்புத்தகத்தை அப்படியே பிடித்துக்கொண்டால், செய்வினை என்பவருக்கு நோயுணர்வு இல்லை என்று எழுதிவிடலாம். நடைமுறை அப்படியில்லை. சி.எம்.சி. மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் உள்ளிட்ட ஆய்வாளர்கள், முதல்முறை மனச்சிதைவு கண்டவர்களிடம் அவர்களுடைய நம்பிக்கைகளைக் கேட்டு 2007இல் எழுதினார்கள். செய்வினை, கெட்ட ஆவி என்று காரணம் சொன்னவர்கள் நிறைய. ஆனால் அவர்களும் சிகிச்சைக்கு வந்தவர்கள்தான். தர்காவில் ஓதிய தண்ணீரும் ஆஸ்பத்திரி மாத்திரையும் ஒரே வீட்டில் இருப்பது இந்தப் பக்கம் சகஜம். மந்திரிப்பதை ஏளனம் செய்யும் மருத்துவர் நோயாளியை இழந்துவிடுவார். கட்டிப்போடுவது, அடிப்பது, மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆகியவற்றை மட்டும் எந்த நம்பிக்கையின் பேரிலும் அனுமதிக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சிகிச்சையில் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையம் 1957இல் தொடங்கியது. நோயாளியை உள்ளே விட்டுக் கதவைப் பூட்டுவதே வழக்கமாயிருந்த காலத்தில், உறவினரும் கூடவே தங்க வேண்டும் என்றது அந்த மையம். தூக்கம் எப்போது கெட்டது, பேச்சு எப்போது மாறியது என்பதெல்லாம் கூட இருக்கும் அம்மாவுக்கோ கணவருக்கோதான் தெரியும். மாத்திரையின் பக்கவிளைவை முதலில் கவனிப்பவர்களும், குணம் தெரிந்ததும் "போதும், நிறுத்திடு" என்று சொல்லிவிடக்கூடியவர்களும் அவர்களே. அதனால் அவர்களுக்கும் நோயை விளக்கியாக வேண்டும். வேலூர்வரை உடனே போக முடியாதவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.