மல்லாட்டை வேரில் சிவக்கும் முடிச்சு

முண்டியம்பாக்கத்திலிருந்து விக்கிரவாண்டி வழியாகத் திண்டிவனம் வரை கரும்பு, நெல், உளுந்து, மல்லாட்டை (நிலக்கடலை) என்று பயிர்கள் மாறி மாறி வருகின்றன. விதைத்து ஒரு மாதமான மல்லாட்டைச் செடியை ஈர மண்ணோடு தோண்டியெடுத்து, தண்ணீரில் அலசிப் பாருங்கள். பக்கவேர்கள் கிளைக்கும் இடங்களில் கடுகளவு உருண்டைகள் ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு.

இந்த உருண்டைகளை நெடுங்காலம் நோய் என்றே எண்ணினார்கள். இத்தாலிய மருத்துவர் மார்செல்லோ மால்பீகி 1679-இல் அவரைக் குடும்பச் செடிகளின் வேர் முடிச்சுகளைப் படமாக வரைந்து, அவற்றையும் பூச்சிகளால் உண்டாகும் கழலைகளோடு சேர்த்தார். 1866-இல் ரஷ்ய அறிவியலாளர் வோரோனின் நுண்ணோக்கியில் முடிச்சுக்குள் பாக்டீரியாக்களைக் கண்டார்; அவரும் அதைத் தொற்றாகவே கொண்டார். காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சேர்ப்பவை இந்த முடிச்சுகளே என்று ஜெர்மனியின் ஹெல்ரீகல் 1886-இல் அறிவித்த பிறகுதான் பார்வை மாறியது. இரண்டே ஆண்டுகளில் நெதர்லாந்தின் பெயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார்.

முன்னோர் சந்தேகப்பட்டதற்குக் காரணம் உண்டு. மத்தியதரைக்கடல் நாடுகளில் ஆலிவ் மரக்கிளைகளில் சொரசொரப்பான கழலைகள் புடைக்கும். கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இதைக் குறித்திருக்கிறார். காரணம் பாக்டீரியா என்று 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காட்டியவர் இத்தாலியின் சவஸ்தானோ. அவர் பெயராலேயே அதற்கு சூடோமோனாஸ் சவஸ்தனோய் என்று பெயர். கவாத்து செய்த வெட்டு, உறைபனியால் வந்த வெடிப்பு, இலை உதிர்ந்த தழும்பு என்று எந்தக் காயம் கிடைத்தாலும் அது நுழைந்துவிடும். நுழைந்ததும், செடி தன் வளர்ச்சிக்காகச் சுரக்கும் ஆக்சின், சைட்டோகைனின் ஹார்மோன்களைத் தானே தயாரித்துக் கொட்டும். மரத்தின் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும். கழலைக்கு அப்பாலுள்ள கிளை மெலிந்து காயும்.

அந்தக் கழலைக்குள் அது தனியாகவும் இருப்பதில்லை. பான்டோயா அக்லோமெரன்ஸ், எர்வினியா டொலெட்டானா போன்ற வேறு பாக்டீரியாக்களும் குடியிருக்கின்றன. இவை தாமாகக் கழலையை உண்டாக்குவதில்லை. ஆனால் நோய்க்கிருமியோடு வேதிச் சமிக்ஞைகளைப் பகிர்கின்றன. எர்வினியா சேர்ந்தால் நோய் முற்றுகிறது என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மல்லாட்டையிலும் பாக்டீரியா நுழைவது ஒரு பிளவின் வழியாகத்தான். பக்கவேர் தோலைக் கிழித்துக்கொண்டு வெளிவரும் இடத்தில் உண்டாகும் இடைவெளியில் பிராடிரைசோபியம் என்ற முடிச்சுப் பாக்டீரியா புகுகிறது. முடிச்சுகள் பக்கவேரின் அடியிலேயே இருப்பதற்கு இதுவே காரணம். இதற்கு மேல் இரண்டும் வேறு வேறு. மல்லாட்டையில் முடிச்சைக் கட்டுவது செடி; அதன் அளவையும் எண்ணிக்கையையும் தீர்மானிப்பதும் செடி. உள்ளே போன பாக்டீரியா உருண்டு பருத்து, காற்றின் நைட்ரஜனை அம்மோனியாவாக்குகிறது. உரத் தொழிற்சாலையில் இதே வேலைக்கு 400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமும் நூறு மடங்குக்கு மேற்பட்ட காற்றழுத்தமும் வேண்டும்.

இந்த வேலையைச் செய்யும் நைட்ரஜனேஸ் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது. ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் தேவை. எனவே செடி லெக்ஹீமோகுளோபின் என்ற புரதத்தைச் செய்து, ஆக்சிஜனைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாகத் தருகிறது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்கு உறவான புரதம் அது. கிள்ளிய முடிச்சில் தெரிந்த சிவப்பு அதனுடையதே.

வேலை செய்யாத பாக்டீரியாவை என்ன செய்வது? 2003-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோயா முடிச்சுகளைச் சூழ்ந்த காற்றில் நைட்ரஜனுக்குப் பதிலாக ஆர்கான் வாயுவை வைத்தார்கள். முடிச்சுகளால் நைட்ரஜனைத் தர முடியவில்லை. செடி அவற்றுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தது. பாக்டீரியாவின் பெருக்கமும் குறைந்தது. ஆலிவ் கழலையில் மரத்தின் கையில் இந்தப் பிடி இல்லை.

திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940-இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 மல்லாட்டை ரகம் ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. எந்த ரகமானாலும், செடி வெளிறியதும் யூரியாவைத் தேடுமுன் வேரைப் பார்ப்பது நல்லது. உள்ளே சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாக இருந்தால் இல்லை. பச்சையாக இருந்தால் முதிர்ந்துவிட்டது. தேய்த்தால் எளிதில் உதிர்வது முடிச்சு. வேரே தடித்து, பிய்த்தாலன்றி வராமல் இருந்தால் அது நூற்புழு உண்டாக்கிய வீக்கம். முடிச்சு குறைவாகக் காணும் நிலத்தில் அடுத்த பட்டத்துக்கு ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் உயிர் உரம் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் மிஞ்சினால் செடி முடிச்சு கட்டுவதையே குறைத்துக்கொள்ளும்.

முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையைச் சுற்றி விளையும் கரும்புக்கு வேர் முடிச்சே கிடையாது. ஆனாலும் கரும்பின் தண்டுக்குள் சர்க்கரைச் சாற்றிலேயே வாழ்ந்து நைட்ரஜனைப் பிடிக்கும் பாக்டீரியா ஒன்றை 1988-இல் பிரேசில் ஆய்வாளர்கள் விவரித்தார்கள். குளுக்கோனசிட்டோபாக்டர் என்ற அந்த நுண்ணுயிரைக் கரும்புக்கான உயிர் உரமாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ரசாயனத் தழைச்சத்து கூடக்கூட அதுவும் கரும்பில் குறைந்துபோகிறது.